அத்தை குடிக்காமல் வைத்த தேநீர்

அந்தத் தேநீரின் மேல் படிந்திருந்த பாலாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பூப்போட்ட பீங்கான் கோப்பை. எங்கள் வீட்டில் அப்படியொரு கோப்பை கிடையாது. அன்றைக்கென்று அம்மா லயத்தின் கடைசி வீட்டிலிருந்து இரவல் வாங்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்தார். பாலும் மாவுப்பால் இல்லை. மாடு வைத்திருக்கும் வீட்டில் முதல் நாளே சொல்லிவைத்து வாங்கிய கறந்த பால். அந்தத் தேநீரை ஒரு வாய்கூடப் பருகாமல் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாள் எழுந்து வெளியே தூறலுக்குள் போய்விட்டார். அவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் அதை எடுக்க எங்கள் யாருக்கும் கை வரவில்லை. அது மெல்ல ஆறி, மேலே ஆடை படிந்து, அந்த ஆடையின் சுருக்கங்களில் கூரையிலிருந்து தொங்கிய எல்.ஈ.டி. பல்பு வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பல்பைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து மாட்டியவள் நான்தான்.

அந்த அம்மாளை இன்று அத்தை என்று கூப்பிடுகிறேன். வலப்பனைக் கடைவீதியில் அவர்களுக்குத் துணிக்கடை. நாங்கள் உடப்புசல்லாவைக்கு மேலே, தேயிலை மலையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தோட்டத்தின் லயத்துக்காரர்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் இருப்பவர்கள். கடைக்காரக் குடும்பமும் தோட்டத்துக் குடும்பமும் ஒரே கடல் தாண்டி வந்தவைதான். ஒரே கோயில் தேருக்குத்தான் இரண்டு பேரும் வடம் பிடிப்பார்கள். தீபாவளிச் சேலையை அவர்கள் கடையில்தான் அம்மா வருஷா வருஷம் எடுப்பார். ஆனால் கடைக்கார வீட்டு அம்மாள் லயத்துக்குள் வந்து உட்கார்ந்து தேநீர் குடிப்பது என்பது வேறு விஷயம். அப்படி நடந்தால் லயமே எட்டிப் பார்க்கும். குடிக்காமல் எழுந்து போனால் அதைவிட அதிகமாக எட்டிப் பார்க்கும்.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வெட்கத்தில் என் பங்கு எவ்வளவு என்பது புரியாது. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டு, கொழும்பில் மின்சாதனங்களை இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியின் அனுமதிப் பிரிவில் இருக்கிறேன். ஒரு கருவி நாட்டுக்குள் வருவதற்கு முன் அதற்கு வேண்டிய சோதனை அறிக்கைகளையும் சான்றுகளையும் சேர்ப்பது என் பொறுப்பு. அதில் ஒரு பகுதிக்கு மின்காந்த இணக்கம் என்று பெயர். ஆபீசில் ஈ.எம்.சி. என்போம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொரு கருவியும் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்தத்தைப் போடுகிறது. அந்தச் சத்தம் பக்கத்தில் இருக்கும் கருவியைக் கெடுக்கக் கூடாது. பக்கத்துக் கருவி கொஞ்சம் சத்தம் போட்டால் நம்முடையதும் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம். எங்கள் லயத்தில் காம்பரா என்று நாங்கள் சொல்லும் அறை வீடுகளுக்கு இடையிலான சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறந்துதான் கிடக்கும். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். அந்த வாழ்க்கையில் பிறந்தவளுக்கு இந்தப் பாடம் நன்றாகவே புரிந்தது, வகுப்பில் நான்தான் முதலாவது.

ஆனால் இந்தப் பாடத்தை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரிப் படித்திருக்கிறது. ஐரோப்பாவில் பொருளைச் செய்தவனே சோதித்து, எல்லாம் சரி என்று தானே கையெழுத்துப் போட்டு, தானே முத்திரையைப் பதித்துக்கொள்ளலாம். சத்தம் போடாதே, சத்தத்தைத் தாங்கு என்று இரண்டையும் அங்கே கேட்பார்கள். பொய் சொன்னது பிறகு கடையில் பிடிபட்டால் தொலைந்தான். அமெரிக்காவில் பெரும்பாலும் சத்தம் போடாதே என்பதோடு சரி, தாங்குவது தாங்காதது உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். சில கருவிகளுக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும், சிலவற்றுக்கு விற்பவனின் வாக்கே போதும். சீனாவில் குறிப்பிட்ட பொருட்களுக்குத் தங்கள் நாட்டுக் கூடத்திலேயே சோதிக்கச் சொல்வதோடு, தொழிற்சாலைக்கும் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் யார் செய்தாலும், அந்த மண்ணில் கொண்டுவந்து இறக்குகிறவன்தான் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். சிறிய நாடுகள் பல, பெரிய நாட்டின் அறிக்கை கையில் இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளும். இதையெல்லாம் நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படம் போட்டு விளக்குவேன். எங்கள் வீட்டுக் கூரையில் தொங்கிய பல்பைப் பற்றி மட்டும் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அந்தப் பல்புகள் எங்கள் கம்பனி இறக்கியவை. வேலையில் நிரந்தரமான வருஷம், தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் மாட்டினால் நன்றாக இருக்காது என்று லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், கொடுப்பதில் ஒரு பெருமையும் இருந்தது. பனி இறங்கினால் பட்டப்பகலிலும் இருட்டாகக் கிடக்கும் காம்பராக்கள் அன்று பளிச்சென்று ஆகிவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுச் சுவரில் இத்தனை கரி இருப்பதே இன்றுதான் தெரிகிறது என்று சிரித்தார். அன்றிலிருந்து லயத்து ரேடியோக்கள் எல்லாம் கொஞ்சம் கரகரத்தன. மழைக்காலம் என்றார்கள். நானும் மழைக்காலம் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது.

என் கணவர், அப்போது கணவர் ஆகியிருக்கவில்லை, கொழும்பில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். விரும்பித்தான் கேட்டார். வீட்டில் சொல்லி, அவருடைய அப்பா கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு, பிறகு ஒரு நல்ல நாள் பார்த்துப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை எங்கள் லயம் ஒரு திருவிழாவைப்போலத்தான் எதிர்கொண்டது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாணி மெழுகியாயிற்று. அப்பா சவரம் செய்துகொண்டு, கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார். மத்தியானமே மூட்டம் இறங்கிவிட்டதால் லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பல்புகள் எரிந்தன. வருகிறவர்கள் பார்க்கட்டும், நாங்கள் இருட்டில் கிடக்கிறவர்கள் இல்லை என்று தெரியட்டும் என்று அம்மாதான் எல்லோரையும் போடச் சொன்னார்.

அத்தை பச்சைக் கரை வைத்த பட்டில் வந்தார். கொண்டை நிறையக் கனகாம்பரம், இரண்டு காதையும் மூடுகிற மாதிரிச் சுற்றி. வாசலில் நின்றபோது சிரித்த முகம்தான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த முகம் சுருங்கியது. எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர்போல ஒரு கண் இடுங்கியது. அம்மா தேநீரைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். அப்பா எதையோ கேட்டார், பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். அத்தை கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார். எங்களுக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: அவர் எங்கள் கூரையைப் பார்க்கிறார், எங்கள் சுவரைப் பார்க்கிறார். கோப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, “எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, நான் வெளிய நிக்கிறேன்” என்று எழுந்து போனார். அத்தையின் கணவரான மாமாவும் மகனான அவரும் சங்கடத்துடன் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பின்னாலேயே போய்விட்டார்கள். வேன் மலைப்பாதையில் இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஒருவர் முகம் சுளித்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். வயிற்று வலி இருக்கலாம், வேன் பயணத்தில் தலை சுற்றியிருக்கலாம். எங்களுக்கு மட்டும் ஒரே காரணம்தான் தோன்றும், அதுவும் உடனே தோன்றும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “நம்ம காம்பராவுல அவங்களுக்கு மூச்சு முட்டுது” என்றார். அப்பா அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவருக்கு மேலே திறந்த இடத்தின் வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது. “நம்ம கொழுந்து ஆஞ்ச காசுலதான் அந்தக் கடையே நிக்குது. நம்ம டீ மட்டும் எறங்காதாக்கும்!” எங்களுக்கு ஆதரவாகத்தான் அவர் அதைச் சொன்னார். ஆனாலும் மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போன அம்மாவால் தலையை நிமிர்த்தி நிற்க முடியவில்லையாம். கொழும்புக்குத் திரும்பிய நான் அந்த வாரம் முழுக்க, என்னை விரும்பிக் கேட்டவரின் அழைப்புகளை எடுக்கவில்லை.

கடைசியில் அவர் எங்கள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார். “அம்மாவுக்குக் காது கேக்காதுங்க. மெஷின் போட்டிருக்காங்க. எங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கடைக்கு வர்ற ஆளுங்களுக்குக்கூட தெரியாது. பூவை வச்சு மறைச்சிருவாங்க.” எங்கள் வீட்டுக்குள் வந்த நிமிஷத்திலிருந்து காதுக்குள் யாரோ தகரத்தைக் கீறுகிற மாதிரி இருந்ததாம். என்ன பேசினார்கள் என்றே கேட்கவில்லையாம். மெஷினை அமர்த்தலாம் என்றால், கை காதுக்குப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சம்பந்தம் பேச வந்த இடத்தில் செவிடு என்று தெரிந்துவிடக் கூடாது என்றுதான் எழுந்து வெளியே போனாராம். வீட்டுக்குப் போய் அழுதாராம், அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும் என்று.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பழைய வகைக் காதுக் கருவிகளில், தொலைபேசியில் பேசுவதற்கென்று ஒரு சின்னச் சுருள் இருக்கும். போனிலிருந்து வரும் காந்த அலையைப் பிடித்துக் காதுக்குக் கொடுக்கும். அத்தை தன் மெஷினின் சுவிட்சை, அந்தச் சுருளும் மைக்கும் சேர்ந்து ஓடுகிற நிலையிலேயே எப்போதும் வைத்திருப்பவர். போனின் அலையைப் பிடிக்கிற சுருள் பல்பின் அலையையும் பிடிக்கும், அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. மறுநாள் அலுவலக அலமாரியிலிருந்து எங்கள் பல்பு ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே இருக்கும் சிறிய பலகையில், மின்சாரம் நுழையும் இடத்தில், சத்தத்தை அடக்குகிற ஒரு கம்பிச்சுருள் இருக்க வேண்டும். அதற்கான இடம் அச்சிடப்பட்டிருந்தது, துளைகளும் இருந்தன. சுருள் இல்லை. துளைக்குத் துளை ஒரு துண்டுக் கம்பியை வளைத்து ஈயம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுச் சோதனைக்கூடத்துக்குப் போன மாதிரியின் மிச்சம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதையும் உடைத்தேன். அதில் சுருள் செம்பு நிறத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

இரண்டையும் கொண்டுபோய் மேனேஜர் சாரின் மேசையில் வைத்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கேக்குற நாட்டுக்கு வச்சு அனுப்புறான். கேக்காத எடத்துக்கு எடுத்துட்டு அனுப்புறான். நம்ம கேக்கல” என்றார். நாம் கேட்கவில்லை என்பதில் நாம் என்பது யார் என்று நான் கேட்டிருக்கலாம். அறிக்கையைக் கோப்பில் சேர்த்தவள் நான், சேர்த்த பிறகு வந்த பெட்டிகளில் ஒன்றையாவது திறந்து பார்க்காதவளும் நான். தேயிலையில் பிறந்தவளுக்கு இது புதிய கதையும் இல்லை. நல்ல தூள் கப்பலேறும், அடியில் கிடப்பது எங்கள் கோப்பைக்கு வரும். அப்படி அனுப்புகிறவர்களைச் சின்ன வயதில் மனதுக்குள் எத்தனை முறை திட்டியிருப்பேன். இப்போது அந்த வேலையைப் பெட்டி கட்டிக்கொண்டுவந்து என் லயத்துக்கே செய்திருக்கிறேன், தீபாவளிப் பரிசு என்ற பெயரில்.

எப்படியோ, சம்பந்தம் முறியவில்லை. இன்னொரு முறை வருவதாகச் சொன்னார்கள். நான் அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன், யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு. அம்மாவுக்கு அதைக் கேட்டதும் வந்த அழுகை ஒரு தினுசு. சந்தோஷமும் இருந்தது, பாவமும் இருந்தது. அன்றைக்குத் தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் நல்ல பல்புகளாகத் தேடி வாங்கி, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து, எங்கள் வீட்டில் பழையவற்றைக் கழற்றிவிட்டு மாட்டினேன். இதற்குமேல் ஒரு மருமகள் என்ன செய்ய முடியும் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அத்தை மறுபடியும் வந்தார். அதே நாற்காலி, அதே ஸ்டூல், அதே இரவல் கோப்பை. இந்த முறை தயாராக, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்போல இருந்தார். உட்கார்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் இடுங்கியது. சத்தம் போவதற்கு இரண்டு வழி உண்டு என்று புதியவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறவள் நான்: ஒன்று காற்று வழி, மற்றது கம்பி வழி. எங்கள் லயத்துக்கு வரும் மின்சாரக் கம்பி ஒன்றேதான். அது முதல் வீட்டில் நுழைந்து, கூரைச் சட்டத்தோடு ஓடி, கடைசி வீடுவரை போகிறது. எங்கள் வீட்டுப் பல்பு நல்ல பிள்ளையாகத்தான் எரிந்தது. லயத்து மற்ற வீடுகளின் பல்புகள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரே கம்பி வழியாக எங்கள் கூரைக்கு வந்து கத்திக்கொண்டிருந்தன. எங்கள் லயத்தில் ஒரு வீடு மட்டும் தனியாக நல்லதாக இருந்துவிட முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் அம்மாவின் காதில் அதைச் சொன்னேன். மற்ற வீடுகளில் போய் ரகசியமாக ஏதாவது சாக்குச் சொல்லி அமர்த்தச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன். அம்மாவும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார். ஆனால் கொழுந்து மலையில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கூப்பிட்டே பழகிய தொண்டை அது. ரகசியம் பேசத் தெரிந்த தொண்டை இல்லை. போதாததற்கு அம்மாவுக்கு அன்று அத்தை மேல் இருந்த இரக்கம் கரை புரண்டு ஓடியது. இஸ்தோப்பில் நின்றபடியே லயத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

“எல்லாரும் லைட்ட அமத்துங்க! சம்பந்தியம்மா காதுல மெஷின் வச்சிருக்காங்க! லைட் எரிஞ்சா அவங்களுக்குக் காது கேக்காதாம்! சீக்கிரம் அமத்துங்க!”

ஒவ்வொரு வீடாக விளக்கு போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. அவ்வளவு நல்ல மனதுக்காரர்கள். எங்கள் வீட்டிலும் அப்பா எழுந்து அமர்த்தினார். நான் நல்லதென்று வாங்கிவந்த பல்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த குத்துவிளக்கு ஒன்றுதான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கண் இப்போது இடுங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, குனிந்து, கூட்டத்துக்கு நடுவில் சேலை நழுவிவிட்டவர்போல உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாகக் கடைத்தெரு முழுவதற்கும் மறைத்துவைத்ததை ஒரே மூச்சில் ஒரு லயத்துக்கே சொல்லிவிட்டோம். அவருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்தோம். மாமா தரையைப் பார்த்தார். என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த அமைதியில்தான் சுவருக்கு மேலேயிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது. அவர் தன் மகளிடம், தன்னளவில் மெதுவாகத்தான் பேசினார்.

“செவிடாம்டி. அதுதான் அன்னிக்கு எந்திரிச்சுப் போயிருக்கு. பாவம்! நம்ம என்னென்னமோ பேசிட்டோம்.”

அம்மா விறைத்துப் போனார். அப்பா இருமினார், அதை மறைப்பதற்காக. ஆனால் அன்று அந்த வீட்டில் மிகத் தெளிவாகக் கேட்ட காது அத்தையுடையதுதான். சத்தம் எல்லாம் அடங்கி, அந்தக் கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அத்தை மெல்ல நிமிர்ந்தார். எங்களைப் பார்க்காமல், அந்தத் திறந்த இடத்தைப் பார்த்து, நிதானமாகப் பதில் சொன்னார்.

“செவிடு இல்லம்மா, கொஞ்சம் மந்தம். இப்ப நல்லாக் கேக்குது.”

பிறகு ஸ்டூலிலிருந்த கோப்பையை எடுத்தார். இதற்குள் அது ஆறிவிட்டிருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது. அம்மா பதறி, “குடுங்க சம்பந்தியம்மா, வேற ஊத்தித் தர்றேன்” என்று கையை நீட்டினார். அத்தை கொடுக்கவில்லை. ஆடையோடு சேர்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். கல்யாணம் அந்தக் கோப்பையோடு முடிவானது என்று எங்கள் லயத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. அன்று எங்கள் வீட்டில் வெட்கப்பட வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தோம், எல்லோருக்கும் சேர்த்து அவர் ஒருவர் பட்டார்.

இப்போதும் நான் அதே பிரிவில்தான் இருக்கிறேன். வருகிற மாதிரியை மட்டுமல்லாமல் இறங்குகிற பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கியிருக்கிறேன். துளைகளில் வெறும் கம்பி இருந்தால் மேனேஜர் சாரிடம் கொண்டுபோய் வைக்கிறேன். சில வகைகளை நிறுத்தியிருக்கிறோம். அந்தப் பல்பை நிறுத்தவில்லை, ஏனென்றால் அதுதான் நன்றாக ஓடுகிறது. லயத்து வீடுகளுக்கெல்லாம் நல்ல பல்புகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். நன்றாக எரிகிற பல்பை யாராவது கழற்றுவார்களா? கழற்றுங்கள் என்று நானே ஏணி போட்டு ஏறியபோது, “இருக்கட்டும் தங்கச்சி, இது போனதும் மாட்டிக்கிறோம்” என்று அன்பாகத் தடுத்தார்கள். எங்கள் கம்பனிப் பல்பு சீக்கிரத்தில் போகாது, அந்த ஒரு விஷயத்தில் நல்ல பல்பு. அப்படியே ஒன்றிரண்டு போனாலும், உடப்புசல்லாவைக் கடையில் விலை மலிவாகக் கிடைப்பது மறுபடியும் அதேதான்.

ஆகவே அத்தை எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் இப்படித்தான் நடக்கிறது. வேன் கோயில் திருப்பத்தில் ஏறும் சத்தம் கேட்டதும் யாரோ ஒரு பிள்ளை ஓடிவந்து சொல்லும். லயத்து விளக்குகள் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை ஒவ்வொன்றாக அமரும். அந்த இருட்டின் வழியாக அத்தை தலையைக் குனிந்துகொண்டு நடந்து வருவார். இது மரியாதையா, தன் குறையை ஊருக்குக் காட்டுவதா என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் மாட்டார். கொண்டையில் இப்போதும் கனகாம்பரம்தான், இரண்டு காதையும் மூடி. எல்லோருக்கும் தெரிந்த பிறகு எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் வந்தபோது அம்மா வழக்கம்போலக் கறந்த பாலில் தேநீர் போட்டுக் கொடுத்தார். பூப்போட்ட கோப்பை இப்போது எங்களுடையது, அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். கோப்பையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. “ஆறட்டும் அத்தை, சுடும்” என்றேன். அவர் கேட்காதவர்போல எடுத்து, ஊதி ஊதி, நாக்குச் சுட்டுக் கண்ணில் நீர் வர, ஆடை படிய விடாமல் குடித்து முடித்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் கெளம்புறேன்மா. லைட்ட போடச் சொல்லு, பக்கத்து வீட்டுல புள்ள இருட்டுல படிச்சிக்கிட்டு இருக்கு.”